ஆபீசரின் இடது காது

ஜனவரி 4

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான். ஆனால் ஓர் எழுத்தும் கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. மேய்ந்துவிட்டுத் திரும்பும் ஆடுகள் மாதிரி கோணல்மாணலாக வருகின்றன. ஓட்டிக்கொண்டு வருகிறவன் புதியவன், என்ன செய்ய? ஆனால் இது யாரிடமோ சொல்லி எழுதிவாங்கியது இல்லை. எழுபத்திரண்டு வயதில் உன் அண்ணன் தன் கையால் எழுதுவது. இவ்வளவு எழுதவே ஒரு சாயந்திரம் ஆகிவிட்டது.

நீ சுகமா? முட்டி வலி குறைந்ததா? மகனும் மருமகளும் சுகந்தானே?

உன் காது கேட்காமல் போன பிறகு போனை உன் மகன்தான் எடுக்கிறான். "அம்மா நல்லாருக்காங்க மாமா. சாப்பிட்டாங்க மாமா." இரண்டே வாக்கியம், வைத்துவிடுவான். உன்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசி எத்தனை காலமாயிற்று! பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. மாலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடிக்கிறது. "ஐயா, படம் வரையாதீங்க, எழுதுங்க" என்று டீச்சர் திட்டுகிறாள். நான் வேண்டுமென்றா வரைகிறேன்? ஐ போட்டால் யானை தும்பிக்கையைத் தூக்குகிறது. ஞ சுருண்டு படுத்த நாய். ஃ கேட்கவே வேண்டாம், ஆடு போன பாதை.

இன்னொரு சேதி. இங்கே கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா, முற்றத்தில் வைக்க வெண்கலத்தில் ஒரு பிராணி கேட்டிருக்கிறார். "என்ன பிராணி?" என்றேன். "உங்களுக்கு எது பிடிக்குமோ அது" என்றார். யானை செய், குதிரை செய், சிங்கத்துக்கு வாயைத் திற, முன்னங்காலைத் தூக்கு என்று கேட்டவர்கள்தான் வாழ்நாள் முழுக்க. உனக்கு எது பிடிக்கும் என்று இன்றுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

கழுதை என்று சொல்லிவிட்டேன்.

கை வலிக்கிறது, சந்தோஷமாக வலிக்கிறது. வாரம் ஒரு கடிதம் போடுவேன்.

உன் அண்ணன்


ஜனவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முட்டி வலி முட்டியிலேயே இருக்கிறது, வேறு எங்கும் போகவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? பட்டறைக்குப் பின்னால் அந்த ஓர் அறையில் தனியாகக் கிடக்கிறாயே என்றுதான் எனக்குக் கவலை.

உறையின் மேல் என் விலாசத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ குழந்தை எழுதியது என்று மருமகள் தள்ளி வைத்துவிட்டாள். நான் பிரித்துப் பார்த்துவிட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் பயந்துபோய் என் முகத்துக்கு நேராக வந்து, "யாருக்கு என்ன ஆச்சு அத்தை?" என்று கேட்டது உதட்டில் தெரிந்தது. "எங்க அண்ணனுக்கு எழுத்து வந்துடுச்சுடி" என்றேன். எத்தனை சத்தமாகச் சொன்னேனோ, எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

கழுதையா? ஊரெல்லாம் தேடி உனக்குக் கிடைத்தது அதுதானா? முகம் பார்க்கக் கண்ணாடி இல்லையா பட்டறையில்? போகட்டும். காதை மட்டும் கெடுத்துவிடாதே. கல்யாணமாகி வருகிற வரைக்கும் உன் பிராணிகளுக்குக் காதும் வாலும் என் பங்கு. எனக்குப் பிறகு நீ செய்த குதிரைகளின் படத்தைப் பார்த்தேன். காதெல்லாம் கரண்டிக் காம்பு.

அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.

உன் தங்கை


ஜனவரி 19

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். நீ அழுதது தெரிந்து எனக்கு ஒரே சந்தோஷம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தாளில் உள்ள கறை தேநீர். கை தவறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு கிழக்கழுதை நிற்கிறது. செங்கல் சூளையில் சுமந்து முதுகு தேய்ந்த பிறகு யாரோ வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வருகிற ஆளையெல்லாம் மேலும் கீழும் பார்ப்பதால் ஆபீசர் என்று பெயர். தினமும் போய் அதற்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருகிறேன். கண்ணால் பார்ப்பேன், பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பேன். வயிறு எங்கே தொங்குகிறது, எந்தக் காலில் பாரத்தைப் போடுகிறது என்பதெல்லாம் கைக்குத்தான் தெரியும். காது இரண்டும் ஒரு நாளும் ஒரு பக்கம் நிற்பதில்லை. ஒன்று என்னைக் கேட்கிறது, இன்னொன்று தெருவைக் கேட்கிறது.

களிமண் கரு காய்ந்துவிட்டது, ஆட்டுக்குட்டி உயரம். அதன் மேல் மெழுகைப் போர்த்திக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் நான் செய்வதை நானே எழுதிப் படிக்க ஆசையாக இருக்கிறது. மெழுகில் என்ன இருக்கிறதோ அதுதான் வெண்கலத்தில் வரும். விரல் ரேகைகூட வரும். மேலே மண் பூசிச் சுட்டால் மெழுகு ஓடிவிடும், அது இருந்த இடத்தில் வெண்கலம் போய் உட்காரும். சரியாக வந்தால் வந்தது. வராவிட்டால் கையில் மெழுகும் இல்லை, கழுதையும் இல்லை. படித்துப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

உலைக்காரன் கேட்டுவிட்டுச் சிரிக்கிறான். "யோவ், என் அப்பன் சிங்கத்துக்கு மூட்டின உலைய்யா இது. கழுதைக்குப் பத்தவைக்கச் சொல்றியே." உனக்கு அவனை நினைவிருக்கும். மெழுகு என்னுடையது, நெருப்பு அவனுடையது. இத்தனை வருஷத்தில் அவன் என் மெழுகைத் தொட்டதில்லை, நான் அவன் இடுக்கியைத் தொட்டதில்லை. அதனால்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த வாரம் காதைப் பற்றி எழுதுகிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 16

அன்புத் தங்கச்சிக்கு,

தாமதமாகிவிட்டது. வேலை. நான் சுகம்தான். உன் சுகத்துக்கு எழுது.

மெழுகுக் கழுதையை உருக்கிவிட்டேன். இரண்டு தடவை. முதல் தடவை மெழுகு சரியில்லை. இரண்டாவது தடவை டாக்டரம்மா பட்டறைக்கு வந்து பார்த்தார். விலாவில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஈ உக்காந்தா தோல் சிலிர்க்குமே, அப்படியே இருக்கு! இதை எப்படிங்க செஞ்சீங்க?" என்று கேட்டார்.

நான் அதைச் செய்யவில்லை. வழவழவென்று இழைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பிறகு விளக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விலா முழுக்கச் சின்னச் சின்ன அலை. செய்யாத வேலைக்குப் பாராட்டு வாங்குவது அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. அவர் தெருமுனை தாண்டுவதற்குள் சட்டியில் போட்டுவிட்டேன்.

காது நிற்கவில்லை. மெல்லிசாக வந்ததும் விரலிலேயே உடைகிறது. வெயில் காரணமாக இருக்கும்.

எழுத்து பொடியாக இருந்தால் கோபிக்காதே. தாளை மிச்சம் பிடிக்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீ சுகமாக இல்லை.

உன் முதல் கடிதத்தில் 'தங்கச்சி' என்பது பாதி வரியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இந்தக் கடிதத்தை எலுமிச்சை அளவில் தொடங்கிக் கடுகில் முடித்திருக்கிறாய். எழுதப் பழகுகிறவனுக்கு நாளாக ஆகக் கை தேறும். உனக்குச் சுருங்குகிறது. பழைய மெழுகுதான், பழைய வெயில்தான். நீ அந்த இரண்டோடும் அறுபது வருஷம் குடும்பம் நடத்தியவன். எனக்கே காது குத்தப் பார்க்கிறாயா? கேட்காத காதாக இருந்தாலும் வலிக்கும் அண்ணா.

ஒன்று சொல்கிறேன். காது மங்கத் தொடங்கியபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. எதிரில் யார் வாயசைத்தாலும் தலையாட்டினேன். ஒரு நாள் மருமகள் ஏதோ கேட்டாள், ஆட்டினேன். மறுநாள் என் கட்டிலை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். "நீங்கதானே அத்தை சரின்னீங்க" என்றாள். அப்புறம்தான் உண்மையைச் சொன்னேன்.

நீ இப்போது தலையாட்டிக்கொண்டிருக்கிறாய். உன் கைக்கு என்ன?

உன் தங்கை


மார்ச் 15

அண்ணனுக்கு,

பதில் இல்லை. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே அவர் கையை விரித்துவிடுகிறார்.

மகனைப் போன் பண்ணச் சொன்னேன். "நல்லாருக்கேன், சாப்பிட்டேன்" என்றாயாம். அதே இரண்டு வாக்கியம். அதைச் சொல்லவா நீ அந்தக் குட்டிப் பெஞ்சில் போய் முட்டியை மடக்கினாய்?

ஒரு வரி போடு. திட்டு எழுதினாலும் சரி.

தங்கை


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

ஆமாம்.

இந்த ஒரு வார்த்தையை எழுத முடியாமல்தான் இத்தனை நாள்.

நடுக்கம். போன வருஷமே தெரியும். வலது கைதான். குறையாது, மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை போவதற்குள் உன்னிடம் பேசிவிட வேண்டும் என்றுதான் பள்ளிக்கு ஓடினேன். எழுத்தும் நடுக்கமும் ஒரே வண்டியில் வந்து இறங்கின. அதனால் உன்னிடம் எழுத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டேன். அது பாவம், புதுசு, எதிர்த்துப் பேசாது.

நடுவில் கழுதை வந்துவிட்டது.

காலையில் மாத்திரை உள்ளே போன பிறகு கொஞ்ச நேரம் கை என் பேச்சைக் கேட்கும். ஒரு காது செய்யலாம், அல்லது கால் பக்கம் எழுதலாம். பிறகு அது தன் போக்கில் ஆடத் தொடங்கிவிடும். காதை ஒட்டக் கம்பியைச் சூடாக்கி எடுத்து வருவதற்குள் மெழுகில் வேறெங்கோ பட்டு ஓட்டையாகிறது. மூன்றாவது தடவையாக உடம்பை முடித்திருக்கிறேன். காது ஒன்றுகூட நிற்கவில்லை. உடைந்த காதுகள் சட்டி நிறையக் கிடக்கின்றன. காதில்லாமல் அது என்னைப் பார்க்கிறது. கழுதை என்றும் சொல்ல முடியாது, கன்று என்றும் சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்ததைச் செய் என்று ஒருவர் கேட்க எழுபத்திரண்டு வயது வரை காத்திருந்தேன். கேட்டபோது கை இல்லை. ராத்திரி படுத்தால் இது ஒன்றுதான் ஓடுகிறது.

காலையில் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை உனக்குக் கொடுத்தால் கழுதை பாதியில் நிற்கிறது. அதற்குக் கொடுத்தால் நீ வாசலில் நிற்கிறாய். இரண்டு பேருக்கும் பங்கு வைக்கத் தெரியவில்லை அம்மா.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

இந்தக் கடிதத்தோடு ஒரு தகர டப்பா வருகிறது. உள்ளே மரத்தூள், அதற்குள் என் பழைய சேலையில் கிழித்த ஈரத் துணி, அதற்குள் இரண்டு காது. இங்கே மெழுகு தேடி அலைந்தேன். தச்சன் கடையில் கொஞ்சம் கிடைத்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தேன். மறக்கவே இல்லை அண்ணா. மருமகள் வந்து பார்த்துவிட்டு, "அத்தை, இது என்ன, ஷூ மாட்டுற கரண்டியா?" என்றாள். மகன் போனில் கழுதைப் படங்களாக எடுத்துக் கொடுத்தான். நாங்கள் மூன்று பேரும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கழுதைக் காதைப் பார்த்தோம். இந்த வீட்டில் எல்லோரும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்த ஞாயிறு அது.

ஒன்று உன்னைக் கேட்கும். இன்னொன்று தெருவைக் கேட்கும். நீ எழுதியபடியே செய்திருக்கிறேன்.

பங்கு வைக்கத் தெரியவில்லை என்றாய். நான் வைக்கிறேன். காலை நேரம் கழுதைக்கு. எனக்கு எழுதாதே. நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டேன்.

சாப்பிடு. மாத்திரையை விடாதே.

உன் தங்கை


ஏப்ரல் 27

தங்கச்சிக்கு,

எழுதாதே என்றாய். ஒரு தடவை மன்னித்துவிடு.

டப்பா வந்தது. மெழுகு வீட்டில் பிறந்தவள், கோடையில் மெழுகைத் தபாலில் போடுவாளா? தபால்காரர் கொடுத்தபோதே டப்பா சுட்டது. வலது காது நன்றாக இருக்கிறது. இடது காது நடுவில் மடிந்து, துணியின் இழையெல்லாம் அதில் பதிந்து கிடந்தது. பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நிற்கவில்லை. உலைக்காரன் வந்து தோளைப் பிடித்து உலுக்கும் வரைக்கும் அது அழுகை என்று எனக்கே தெரியவில்லை.

நிமிர்த்தத்தான் நினைத்தேன். வெந்நீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை கிட்டே போகப் போக இன்னும் ஆடியது. உடைத்துவிட்டால் இன்னொன்று கேட்டு எழுத வேண்டும், நீ அதையும் வெயிலில் அனுப்புவாய். அப்படியே வைத்துவிட முடிவு செய்தேன்.

ஒட்டும்போது மறுபடி ஆட்டம். உலைக்காரன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு பின்னால் வந்து என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"உன் மெழுகை நான் தொடலை. உன்னத்தான் தொடுறேன். வை."

"உன் கை சுடுதுய்யா. மெழுகு உருகிடும்."

"உலைக்காரன் கை சுடாம பனிக்கட்டி மாதிரியா இருக்கும்? பேசாம வைய்யா."

வைத்தோம். நின்றுவிட்டது.

நாளை மண் பூசுகிறோம். இனி எழுதவில்லை.

அண்ணன்


மே 5

அண்ணா,

மடிந்த காதைப் பற்றிப் படித்து எனக்கு வெட்கமாகவும் சிரிப்பாகவும் இருக்கிறது. செவிடி கேட்கிற காதை அனுப்புவாள் என்று நீ எப்படி நம்பினாய்?

மண் நன்றாகக் காயட்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு உலையில் வைத்துவிடாதீர்கள். இதற்குப் பதில் வேண்டாம். ஆனால் தபால்காரர் தெருவில் வந்தால் எழுந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. அது என் குற்றம், உன்னுடையது இல்லை.

உன் தங்கை


ஜூன் 8

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம் என்று இந்தத் தடவை எழுத மாட்டேன். கை முன்பைவிட மோசம். இடது கைக்கும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டது. நீ நலமா? இதை நீ பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

ஊற்றிவிட்டோம். அச்சைக் குழியில் இறக்கியதும் உலைக்காரன் என்னைத் துரத்தினான். "தள்ளி நில்லுய்யா. நீ ஆடுறதப் பாத்தா எனக்கும் ஆடும்." சுவரோடு சுவராக நின்றேன். உலோகம் உருகிக் கிடந்த மூசையைச் சாய்த்தான். வெண்கலம் உள்ளே இறங்கும் சத்தம், தாகமெடுத்த மாடு குடிக்கிற சத்தம். ஆறும் வரைக்கும் இரண்டு பேரும் பட்டறையில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தோம்.

மண்ணை அவன்தான் உடைத்தான். என்னிடம் சுத்தியைக் கொடுக்கவில்லை. முதலில் முதுகு தெரிந்தது. பிறகு வலது காது. இடது பக்கம் மண் இறுகியிருந்தது. குச்சியால் குத்திக் குத்தி எடுத்தான். "வரலையோ பெருசு" என்றான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "உன் தங்கச்சி சேலையில நூல் ஓடுதுய்யா இங்க" என்றான்.

வந்திருக்கிறது. மடிப்பு, துணி இழை, ஓர் ஓரத்தில் உன் கட்டைவிரல் ரேகை, எல்லாம்.

விலாவிலும் அந்த அலை வந்திருக்கிறது. மூன்றாவது தடவையும் என் கை ஆடித்தான் இழைத்தது, இந்தத் தடவை நான் அழிக்கவில்லை. அது நான் செய்யாதது என்று அன்றைக்கு எழுதினேன். என் கையைத் தவிர வேறு யார் கை அது?

மெருகை அங்கேயே போட்டுக்கொள்ளலாம் என்று முற்றத்தில் வைத்ததும் ஆபீசர்தான் முதலில் வந்தது. மோந்து பார்த்தது. மேலும் கீழும் பார்த்தது. பிறகு பின்புறத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டது. "பிடிக்கலையாம்" என்றார் டாக்டரம்மா. "இல்லைங்க, பொறாமை" என்றேன்.

அரம் போட்டு மெருகேற்றும் வேலை பாக்கி இருக்கிறது. கால் இடுக்கெல்லாம் உலைக் கறுப்பு அப்படியே இருக்கிறது. காலை நேரத்தை அதற்குக் கொடுத்தால் வருஷக் கடைசிக்குள் முடியலாம். அதற்குப் பிறகு கை ஒன்றுக்கும் ஆகாது என்று எனக்குத் தெரிகிறது. யோசித்துப் பார்த்து அரத்தை உலைக்காரனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "இது உன் வேலைய்யா" என்றான். "என் தங்கச்சி வாசல்ல உக்காந்திருப்பா" என்றேன். வாங்கிக்கொண்டான்.

இனி அந்த நேரம் முழுக்க உனக்கு. எத்தனை கடிதத்துக்கு வரும் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கும் ஐ போட்டால் யானை தும்பிக்கையைத் தூக்குகிறது. எறும்பு அளவு யானை, அவ்வளவுதான்.

நாற்காலியை மறுபடி வாசலில் எடுத்துப் போடு. இந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமை தொடங்கினேன், இன்று சனிக்கிழமை. அடுத்த வாரமும் உனக்குக் கடிதம் வரும். இதை உறையில் போட்டு ஒட்டிய கையோடு அதைத் தொடங்கிவிடுகிறேன்.

உன் அண்ணன்